வெள்ளையாக இருந்தால் சுத்தம்

கையுறை என்பது கையை அழுக்கிலிருந்து காப்பாற்றுவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று என் அண்ணி உறுதியாக நம்பினாள். காளானைக் கையிலிருந்து காப்பாற்றுவதற்காகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. காலையில் மாட்டிய கையுறையோடு காளான் பறிப்பாள், அதோடேயே மூக்கைச் சிந்துவாள், தலையைச் சொறிவாள், கக்கூஸ் தாழ்ப்பாளைத் திறப்பாள், திரும்பி வந்து மறுபடியும் காளான் பறிப்பாள். "கையக் கழுவுங்க அண்ணி" என்றால் கையுறையைக் கழற்றி, வியர்வையில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்களை என் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

"பாருடி, எவ்வளவு சுத்தமா இருக்குன்னு! இதைப் போய்க் கழுவணுமா?"

அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் காளான் கம்பெனியில் எல்லோருக்கும் அதே சட்டம்தான். சாயங்காலம் ஆளுக்கொரு ஆணியில் கையுறையை மாட்டிவிட்டுப் போவார்கள். காலையில் அவை காய்ந்த தோல் மாதிரி விறைத்துத் தொங்கும். உள்ளே மட்டும் நேற்றைய வியர்வை பிசுபிசுக்கும். கையை நுழைக்கும்போது சளப் என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது. நான் டப்பாவில் காளானை அடுக்கி மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டுகிற பக்கம். அண்ணி பறிக்கிற பக்கம். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான், அதனால் ஓர் அளவுக்கு மேல் வாயைத் திறக்க முடியாது.

கடையில் டப்பாவுக்குள் பனி மாதிரி உட்கார்ந்திருக்கிறதே மொட்டுக் காளான், அது எதில் முளைக்கிறது என்று வாங்குகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. கேட்காதவரைக்கும் நல்லது. வைக்கோலும் கோழி எச்சமும் மலை மாதிரி குவித்து, தண்ணீர் ஊற்றி, புரட்டிப் புரட்டி மட்க வைப்பார்கள். சூடு போட்டு வேக வைத்துவிட்டால் அதில் கெடுதல் இல்லை என்று முதலாளி சொல்வார். சரியாக வேக வைத்தால் உண்மைதான். எங்கள் கம்பெனியில் கொதிகலன் நல்ல நாளிலேயே முக்கி முனகித்தான் ஓடும். குவியலுக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒரு சாறு வழிந்து, கதவுக்குக் கீழே புகுந்து, பறிக்கிற அறை வரைக்கும் வரும். அதன் மேல் நடந்துதான் எல்லோரும் போவோம். கண் எரியும், தொண்டை கமறும், வீட்டுக்குப் போனால் தலைமுடியில் அந்த வாடை ஒட்டிக்கொண்டு வரும். பறித்த காளானைக் கழுவுகிற தொட்டித் தண்ணீர் மதியத்துக்குள் டீ நிறத்துக்கு வந்துவிடும். மேலே நுரையும் முடியும் மிதக்கும். அதில் வெளுப்புத் தூளைக் கொட்டிக் கலக்குவார்கள். காளான் உள்ளே போகும்போது எப்படி இருந்தாலும் சரி, வெளியே வரும்போது பல் மாதிரி பளிச்சென்று வரும்.

அண்ணியின் கண்ணில் உலகமே அந்தத் தொட்டிதான். வெள்ளையாக இருந்தால் சுத்தம், அவ்வளவுதான் கணக்கு. அவள் வீட்டுத் தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம், அப்படித் துடைத்து வைத்திருப்பாள். அண்ணனின் சட்டைக் காலரை நாள் தவறாமல் பிரஷ் போட்டுத் தேய்ப்பாள். குழந்தை இல்லாத வீடு. அந்த ஆசையையெல்லாம் சேர்த்து அவனைத்தான் தேய்த்து, குளிப்பாட்டி, ஊட்டி வளர்த்தாள் என்று நான் கேலி செய்வேன். அவன் பள்ளி வேன் ஓட்டினான், சாதுவான மனுஷன், போதாததற்குச் சர்க்கரை வேறு. அவள் தட்டில் எதைப் போட்டாலும் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிடுவான்.

கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் அண்ணி ஒரு கிளினிக்கில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இருமலென்று வந்தாலும், வயிறென்று வந்தாலும், காலில் கல் இடித்து வந்தாலும் அங்கே இருந்த டாக்டர் ஒரே சிவப்பு மாத்திரையைத்தான் எழுதுவாராம். அதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து அவளும் பாதி டாக்டராகிவிட்டாள். கம்பெனியில் யாருக்கு என்ன வந்தாலும் அவளிடம்தான் ஓடுவார்கள். 'மாத்திரை அக்கா' என்று பெயரே விழுந்துவிட்டது. அவளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஒரு மழைக்காலத்தில் பறிக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் வயிற்றுப்போக்கு. இருந்த ஒரே கக்கூஸுக்கு வரிசை நின்றது. அங்கே சோப்பு இல்லை, பல நாள் தண்ணீரும் இல்லை. உள்ளே போனவர்கள் கையுறையோடு போய், கையுறையோடு வந்து, விட்ட இடத்தில் பறிக்கத் தொடங்கினார்கள். லீவு கேட்டதற்கு முதலாளி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து அண்ணி கையில் கொடுத்தார். அவருடைய மச்சானுக்குக் கோழிப் பண்ணை; எங்கள் எருவுக்கு எச்சம் வருவதும் அங்கிருந்துதான். அங்கே தீவனத்தில் கலக்குகிற மருந்து அது. மூடியில் ஒரு சேவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

"மனுஷனுக்குக் குடுக்கிற மருந்தேதான்மா. எல்லாருக்கும் குடு. நாளைக்கு ஒருத்தரும் லீவு போடக் கூடாது" என்றார்.

அண்ணி அதை வெறும் சிவப்பு மாத்திரைக் கூடுகளில் அடைத்து எல்லோருக்கும் விநியோகம் செய்தாள். எனக்கும் நீட்டினாள்.

"கோழிக்குப் போடறத நான் திங்க மாட்டேன்" என்றேன்.

"கோழி நல்லா இருக்குதா இல்லையா? அப்புறம் என்ன? ஒண்ணு போடு, நின்னா விட்டுடு, நிக்கலைன்னா இன்னொண்ணு போடு" என்றாள். அவளுடைய வைத்திய சாஸ்திரம் முழுதும் அந்த ஒரு வரிதான். யாரும் முழுதாகச் சாப்பிட்டது கிடையாது. வயிறு கட்டியதும் மிச்சத்தை அவளிடமே திருப்பிக் கொடுப்பார்கள், அவளும் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்தாற்போல் காளானுக்கு நோய் வந்தது. தொப்பியின் மேல் பழுப்புப் பழுப்பாகப் புள்ளி விழுந்து, தொட்டால் வழுவழுவென்று கையோடு வரும். சளியைத் தொட்ட மாதிரி இருக்கும். அதைத் தொட்டுவிட்டு என்னால் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்க முடியாது. கடைகளிலிருந்து டப்பா டப்பாவாகத் திரும்பி வந்தன. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அண்ணி யாரையும் கேட்காமல் போய், அந்தச் சேவல் மருந்தை அள்ளி, பாத்திக்கு மேல் தண்ணீர் தெளிக்கிற தொட்டியில் கரைத்துவிட்டாள்.

"வயித்துல இருக்கிற கிருமிக்கு ஆகுதுன்னா, காளான்ல இருக்கிற கிருமிக்கு ஆகாதா?"

ஆகிவிட்டது. அதுதான் வினையே. அடுத்த பறிப்பில் புள்ளியே இல்லை. முதலாளி அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். சூப்பர்வைசர் ஆக்கி, ஒரு நாற்காலியும், எல்லா அறைகளின் சாவியும் கொடுத்தார். கிளினிக்கில் எச்சில் துப்பிய வாஷ்பேசினைத் தேய்த்தவளுக்கு நாற்காலி! அன்று அண்ணி அழுததை நான் பார்த்தேன். அவளுடைய மொத்த வாழ்க்கையில் அவளே யோசித்து, அவளே செய்து, நாலு பேர் கைதட்டிய காரியம் அது ஒன்றுதான்.

கொஞ்ச நாளில் புள்ளி திரும்பி வந்தது. மருந்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். போனது, மறுபடியும் வந்தது. இன்னும் கூட்டினாள். பெண்களுக்கு ஒரு மாத்திரையில் நின்ற வயிறு இப்போது மூன்றுக்கும் நிற்கவில்லை. "மருந்துல கலப்படம் பண்றானுங்க" என்று அண்ணி மருந்துக் கம்பெனிக்காரனைத் திட்டினாள். கோழிக்குள் போய், எச்சத்தில் வந்து, எருவில் புரண்டு, தெளிக்கிற தண்ணீரில் குளித்து, பறிக்கிறவள் வயிற்றுக்குள் புகுந்து, அவள் கையுறையில் ஏறி மறுபடியும் காளானுக்கு வந்த கிருமி, போகிற இடமெல்லாம் அதே மருந்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது என்று அப்போது எங்களுக்கு யார் சொல்ல?

தண்டு உடைந்தது, தொப்பி கிழிந்தது எல்லாம் ஊழியர்களுக்கு இலவசம். அண்ணி தினமும் ஒரு பை நிறைய வீட்டுக்குக் கொண்டுபோவாள். நான் தொட மாட்டேன். என் வீட்டில் நுழையவும் விட மாட்டேன். அண்ணனுக்கோ சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டிவிட்டார்கள். வேக வைத்தால் சத்தெல்லாம் ஓடிவிடுமாம். அவ்வளவுதான், அண்ணி பச்சைக் காளானை மெல்லிசாகச் சீவி, எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவி, தட்டில் பூ மாதிரி அடுக்கி அவன் முன்னால் வைப்பாள். ஒருநாள் நான் போயிருந்தபோது அவன் அதைக் கறுக்கு முறுக்கென்று மென்றுகொண்டிருந்தான்.

"அண்ணி, கழுவினீங்களா?"

"கம்பெனியிலயே கழுவித்தானே வருது."

"அந்தத் தொட்டியிலயா? அண்ணா, துப்பு. அந்தத் தண்ணியப் பாத்தேன்னா நீ சோறே திங்க மாட்டே."

"ஏய், திங்கிறவர் கிட்ட வந்து என்ன பேச்சு பேசறே? எப்படி வெள்ளையா இருக்கு பாரு! இது அழுக்கா?" என்று ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே மீதியையும் தின்று முடித்தான்.

அந்த வாரத்திலேயே அவன் விழுந்தான். முதலில் வயிறு, அப்புறம் காய்ச்சல், அப்புறம் போகிறதெல்லாம் ரத்தமும் சளியுமாக. அண்ணி முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினாள். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், நான் கதவுக்கு வெளியே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டபோது அவள் முட்டி போட்டுத் துடைத்தாள். ஆனால் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. கைப்பையைத் திறந்து மாத்திரை மாத்திரையாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் ஆளையே அடையாளம் தெரியாமல் உளறத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். ரத்தத்திலேயே கிருமி கலந்துவிட்டது என்றார்கள்.

வார்டு டாக்டரம்மா இளவயசுதான், பொறுமையான மனுஷி. அவர் ஊசி போட ஆரம்பித்தும் காய்ச்சல் ஒரு பொட்டு குறையவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. மறுநாள் நான் போனபோது அவர் அண்ணியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்தே கேட்டேன், மறுபடியும் கேக்கிறேன்மா. இங்க வர்றதுக்கு முன்னால வீட்ல ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதை வச்சுத்தான் நான் மருந்த மாத்தணும்."

"ஒண்ணும் குடுக்கல டாக்டர். வெறும் கஞ்சித்தண்ணிதான்" என்றாள் அண்ணி, கண்ணைக்கூட இமைக்காமல்.

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் நான் அவள் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனேன்.

"என்ன அண்ணி இது? மனசறிஞ்சு பொய் சொல்றீங்க?"

"கத்தாதே. சொன்னா மாத்திரை எங்க வாங்கினேன்னு கேப்பாங்க. கம்பெனி பேரு வரும். தொட்டியில கலந்தது வரும். மூடிட்டுப் போயிடுவாங்க. அத்தனை பேரு பொழப்பு போயிடும்."

"அங்க படுத்திருக்கிறது என் அண்ணன்!"

"எனக்கு மட்டும் அவர் யாரு?" என்றாள். "நான் குடுத்து யாருக்காவது ஆகாமப் போயிருக்கா? சொல்லு. அந்த மருந்து நல்ல மருந்துடி. எல்லாருக்கும் கேட்டுச்சு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்குப் பயம் போலீஸும் இல்லை, முதலாளியும் இல்லை. அந்த மருந்து கெட்டது என்று ஆகிவிட்டால் அந்த நாற்காலி, அந்தச் சாவி, அன்றைக்கு விழுந்த கைதட்டல் எல்லாமே கெட்டது என்று ஆகிவிடும். அதைக் காப்பாற்ற அவள் புருஷனையே பணயம் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணி என்றும் பார்க்கவில்லை. அவள் தோளிலிருந்து கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு நேராக உள்ளே போய், டாக்டரம்மாவின் மேஜை மேல் தலைகீழாகக் கவிழ்த்தேன்.

என்னவெல்லாம் விழுந்தது! வேர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட சிவப்பு மாத்திரைகள், அவற்றின் மேல் எருத் தூசி, சிக்கு முடி, பாதி தின்ற பிஸ்கட், மடித்து வைத்த ஒரு ஜோடி ஈரக் கையுறை, கடைசியாக அந்தச் சேவல் டப்பா. வாடை குப்பென்று அடித்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள். டாக்டரம்மா அசையவில்லை. ஒரு பேனாவின் முனையால் டப்பாவைத் திருப்பிப் படித்தார்.

"இதுல கோழிப் படம் போட்டிருக்கே?"

வாசலில் நின்ற அண்ணி மெதுவாகச் சொன்னாள். "கோழிக்கு இல்ல டாக்டர். அது காளானுக்கு."

டாக்டரம்மா அவளை நாற்காலியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டார். அண்ணி தலை குனிந்தபடி சொல்லிக்கொண்டே போனாள், கேட்கக் கேட்க டாக்டரம்மாவின் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. நான் போய் அண்ணி வீட்டு ஃபிரிட்ஜிலிருந்த காளான் பையைக் கொண்டுவந்தேன். பிளாஸ்டிக்குக்குள் அது வேர்த்து, அடியில் மஞ்சளாக நீர் கோர்த்து, மேல் வரிசை மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது. பரிசோதனைக்கு அதையும் வாங்கிக்கொண்டார்கள். முடிவு வந்தபோது அண்ணன் ரத்தத்தில் இருந்த அதே இனக் கிருமி காளானிலும் இருந்தது. எந்தெந்த மருந்துக்கு அது செத்துப்போக வேண்டுமோ, அவற்றில் ஏறக்குறைய எதற்குமே அது சாகவில்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா அந்த ஊசியப் போட்டு நாளக் கடத்தியிருக்க மாட்டேன். இப்ப மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு மருந்து" என்றார் டாக்டரம்மா. "அது கிருமியக் கொல்லும். ஆனா அதே மருந்து காது நரம்பையும் பாதிக்கலாம். இவர் இருக்கிற நிலைமையில கம்மியாப் போட்டுப் பாக்க முடியாது. போடலைன்னா ஆளு தங்காது. நீங்கதான் சொல்லணும்."

"போடுங்க" என்றாள் அண்ணி.

அண்ணன் பிழைத்துக்கொண்டான். காய்ச்சல் இறங்கியது, வயிறு நின்றது, கஞ்சி குடித்தான். ஒருநாள் காலையில் நர்ஸிடம், "ஏன் எல்லாரும் ரகசியமாவே பேசறீங்க?" என்று கேட்டான். அப்போது வார்டில் தட்டு உருளுகிற சத்தம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. போன காது திரும்ப வராது என்று டாக்டரம்மா சொன்னார். வேன் வேலை போய்விட்டது. கம்பெனிக்கு அரசாங்க ஆட்கள் வந்து பார்த்து, தொட்டியைக் கழுவச் சொல்லிவிட்டுப் போனார்கள். முதலாளி தொட்டியைக் கழுவினார், அண்ணியின் நாற்காலியில் வேறொருத்தியை உட்கார வைத்தார். நான் நின்றுவிட்டேன். இன்றைக்கும் கடையில் அந்த டப்பாக்களைப் பார்த்தால் என் வாயில் எச்சில் ஊறுகிறது, வாந்தி வருவதற்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கூட்டிவந்த பிறகு ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அண்ணி அவன் காலடியில் தரையில் உட்கார்ந்து, முதலில் மெதுவாகத்தான் சொன்னாள்.

"என்னங்க, தப்பு பண்ணிட்டேன்."

அவன் திரும்பவில்லை. அவள் அவன் முழங்காலைத் தொட்டு, இன்னும் உரக்கச் சொன்னாள். அவன் புன்னகையோடு அவள் வாயைப் பார்த்தான். அவளுக்கு அடக்க முடியவில்லை. எழுந்து நின்று, அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"நான்தாங்க உங்களுக்கு விஷத்த ஊட்டினேன்! டாக்டர் கேட்டும் சொல்லாம மறைச்சேன்! நான்தான் உங்க காதக் கெடுத்தேன்!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தெருவில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று எட்டிப் பார்த்தார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அண்ணிக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் கண்ணீரும் சளியுமாக வழிந்தது, அவள் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அண்ணன் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"வயிறெல்லாம் இப்ப வலிக்கல, நீ அழாதே" என்றான். "காலைலருந்து நீ ஒண்ணுமே சாப்பிடலையே, போய்ச் சாப்பிடு."